ஒரு நிமிடம் ஐம்பது வினாடி

இரண்டு நிமிடம், ஒரு வினாடி.

ஹெலன் நீட்டிய கைப்பேசியைப் பார்த்ததும், மெர்சி சிப்காட் சாலையோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

நாளைக் காலை கம்பெனி ரிலே அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். நானூறு மீட்டரை ஒரு நிமிடம் ஐம்பது வினாடிக்குள் ஓடினால்தான் இடம். இதுவரை எந்த அணிக்கும் யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை.

ஹெலன் மாலை நேர ஆங்கில வகுப்பில் பக்கத்து இருக்கைக்காரி. கல்லூரியில் ஓடியவள். இன்றுதான் முதன்முதலாக நேரம் பார்க்க வந்திருந்தாள்.

தினமும் உயிரைக் கொடுத்து ஓடுகிறாயா என்று கேட்டாள். இல்லை, வாரத்தில் இரண்டு நாள்தான் வேகம். மற்ற நாளெல்லாம் பேசிக்கொண்டே ஓடுகிற அளவுக்கு மெதுவாக. காலை எட்டிப் போடுகிறாயா? இல்லை, சின்னச் சின்ன அடிதான். எடுத்த எடுப்பிலேயே மூச்சைக் கொட்டிவிடுகிறாயா? அதுவும் இல்லை.

ஏழு வாரக் கணக்கும் மெர்சியின் நோட்டில் இருந்தது, தூங்கிய மணி உட்பட. வேகம் கூடாததற்குக் காரணம் எழுதும் இடத்தில் மட்டும் வாராவாரம் ஒரே வரி: என்னால் முடியாதோ?

ஷூவுக்குள் ஏதோ கல் உறுத்தியது. கழற்றி, பிடி என்று ஹெலனிடம் கொடுத்தாள்.

ஹெலனின் கை சட்டென்று கீழே இறங்கியது. ஷூவின் முனையை விரலால் தட்டினாள். டக் டக்கென்று இரும்புச் சத்தம்.

"ஏய், இத்தயா போட்டுக்கினு ஓடுற? மெஷினே கால்ல உழுந்தாலும் தாங்குற ஷூடி இது."

ஷூ போட்டுத்தான் ஓட வேண்டும் என்று, ஓட்டம் பழக அவள் பார்த்த வீடியோவில் சொல்லியிருந்தார்கள். மெர்சியிடம் இருந்த ஒரே ஷூ, வேலைக்கென்று கம்பெனி கொடுத்தது.

ஹெலன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். களைப்புத் தீர அரை மணி நேரம் மெர்சியை உட்காரவைத்து, தன் ஷூவைக் கழற்றித் தந்தாள். கொஞ்சம் பெரிது. லேஸை இழுத்துக் கட்டினார்கள்.

சாலையில் கிழித்திருந்த கோட்டிலிருந்து டிரான்ஸ்பார்மர் வரை போய்த் திரும்பினால் நானூறு மீட்டர்.

பத்தாவது அடியிலேயே முழங்கால் தானாக மேலே வந்தது. டிரான்ஸ்பார்மர் இவளை நோக்கி வருவது போலிருந்தது. திரும்பும்போது, எதற்கென்றே தெரியாமல், மெர்சி சிரித்துக்கொண்டிருந்தாள்.

கோட்டைத் தாண்டியதும் ஹெலன் வெறுங்காலோடு பாய்ந்து வந்து கட்டிக்கொண்டாள். இருவரும் குதித்தார்கள்.

எவ்வளவு என்று மூச்சுக்கு நடுவே கேட்டாள் மெர்சி.

ஹெலன் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நிறுத்த மறந்துபோயிருந்தாள். கைப்பேசியில் நேரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்று நாற்பத்தேழு. ஒன்று நாற்பத்தெட்டு.