விமானத்தில் ஹேசல்

டென்வர் விமானம் இன்னும் கிளம்பவில்லை. ஜன்னலோரத்தில் என் மனைவி மர்லீன். ராணுவத்திலிருந்து தீராத பயத்தோடு திரும்பியவள், பெல்ட்டை இரண்டு கைகளாலும் பிடித்திருக்கிறாள். காலடியில் சிவப்பு அங்கி போட்ட அவள் உதவி நாய் ஹேசல், மூச்சுச் சத்தம்கூடக் கேட்காமல் படுத்திருக்கிறது. நடைவழிக்கு அந்தப் பக்கம், கையில் தங்கக் கடிகாரமும் வாய் நிறைய பிரெட்சல் பிஸ்கட்டுமாக ஒருவர் எட்டிப் பார்க்கிறார். "இந்தம்மாவுக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது? நாய்க்கு ஓசி டிக்கெட்னா எல்லாருக்கும் ஒரு வியாதி வந்துடுது." மர்லீனின் முழங்கால் நடுங்கத் தொடங்குகிறது. ஹேசல் எழுந்து தாடையை அவள் மடியில் அழுத்தி வைக்கிறது. பெல்ட்டை விட்ட விரல்கள் அதன் காதுமடலைத் தேடிப் போகின்றன; நடுக்கம் மெல்ல அடங்குகிறது. அவர் ஒரு பிரெட்சலைத் தரையில் போட்டு, "த்தோ, த்தோ" என்று கூப்பிடுகிறார். ஹேசல் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இப்படிப்பட்ட ஆட்களைக் கண்டுகொள்ளாமல் இருக்க அதற்கு இரண்டு வருடம் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். எனக்கு ஒரு நாள்கூடக் கொடுக்கவில்லை.