அகலமான ஃபில்டர்

மாலை வெயில் மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக்கின் ஹாம் ரேடியோ மழையாக இரைகிறது. "குறுகலான ஃபில்டரைப் போடுங்கப்பா, மண்டையப் பொளக்குது" என்கிறாள் வாசலில் நிற்கும் மகள். "அதப் போட்டா ஒரே அலைதான் கேக்கும், அவன் தப்பிப் போயிடுவாம்மா. அவன் செட்டு பழசு, அலைவரிசை ஒரு இடத்துல நிக்காது." முப்பது வருஷமாக முகம் பாராமல், புள்ளியும் கோடுமான மோர்ஸ் ஒலியிலேயே பேசிய நண்பனிடமிருந்து ஐந்து மாதமாகச் சத்தமே இல்லை. மகள் உள்ளே போய்விடுகிறாள். யார் யாருடைய கீச்சொலிகளோ ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுகின்றன. அவற்றின் ஓரத்தில், நூலிழையாய் ஓர் ஒலி அவரை அழைக்கும் அடையாள எழுத்துகளைத் தட்டுகிறது. இப்போதுதான் குறுகலான ஃபில்டருக்கு மாறுகிறார். இரைச்சல் சட்டென்று அடங்க, அந்த ஒலி மட்டும் அறையில் தனியாக நிற்கிறது. ஆனால் இது நண்பன் தட்டும் கை இல்லை. எழுத்துக்கு எழுத்து நின்று தடுமாறுகிற கை. ஒவ்வொன்றாகக் கேட்டு அவர் பென்சிலால் குறிக்கிறார்: 'நான் அவர் மனைவி. அவர் போய்விட்டார். நீங்கள் காத்திருப்பீர்களே என்றுதான் இதைக் கற்றுக்கொண்டேன்.' கண்ணாடியைக் கழற்றி வைக்கிறார். மோர்ஸ் கீயில் விரல் வைத்து, அந்த அம்மாவுக்குப் புரியும்படி, மிக மெதுவாகப் பதில் தட்டத் தொடங்குகிறார்.