சுவருக்குள் இருந்த போத்தல்

சுவருக்குள் இருந்து கல்லோடு கல்லாக ஒரு போத்தல் விழுந்தது.

காஸ் ஹீற்றர் பூட்டவென்று லண்டன் இல்ஃபோர்ட் வீட்டின் பழைய கணப்பை உடைத்துக்கொண்டிருந்த செல்வரத்தினம் சுத்தியலைக் கீழே வைத்தார்.

போத்தலின் கழுத்து உடைந்திருந்தது. உள்ளே வளைந்த ஊசிகள், துருப்பிடித்த ஆணி, புகைக்கரி பிடித்துக் கறுத்த ஒரு பிடி தலைமயிர்.

மருமகள் வசந்தமலர் குழந்தையை மார்போடு இறுக்கினாள். மாரி தொடங்கினதில் இருந்து அதற்கு இழுப்பு. டொக்டர் கொடுத்த மருந்து ஒன்றும் கேட்கவில்லை.

செல்வரத்தினத்துக்கு டொக்டர்மாரில் நம்பிக்கை இல்லை. மேல் அறையில் வாடகைக்கு இருக்கும் அருமைநாயகியில் அதைவிட இல்லை. புருசனும் இல்லை, பிள்ளையும் இல்லை. பிறத்தியாற்றை பிள்ளையை ஏன் இறக்காமல் தூக்கி வைத்திருக்கிறாள்?

கூப்பிட்டார். வந்தாள். போத்தலைக் காட்டினார்.

“ஐயா, நான் வரேக்குள்ளையே இந்தச் சுவர் பூசித்தானே கிடந்தது?”

“செய்வினை செய்யிறவளுக்கு வாசல் வேணுமோ?”

அவள் வசந்தமலரைப் பார்த்தாள். வசந்தமலர் குழந்தையின் முகத்தை மற்றப் பக்கம் திருப்பினாள்.

அருமைநாயகி திரும்பினாள். மேலே போனாள். அலுமாரி திறபடும் சத்தம் கேட்டது.

இந்தப் பனிக்குள் எங்கே போவாள் என்று மருமகள் மெல்லக் கேட்டாள். எண்பத்தேழாம் ஆண்டுப் பனி, ரோட்டே தெரியவில்லை. வந்த வழி தெரியும்தானே என்றார் செல்வரத்தினம்.

செய்வினையை ஓடுகிற தண்ணியில் விடவேண்டும். ஆற்றுக்கு யார் போகிறது? குசினிப் பைப்பைத் திறந்து தலைமயிரைப் பிடித்தார்.

கரி கரைந்து ஓடியது. தலைமயிர் வெளுத்தது. இன்னும் வெளுத்தது.

சோளப் பொத்தியின் நார் மாதிரி, மஞ்சள்.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி ஒருநாள் சொன்னவள். அந்தக் காலத்தில் தன்ரை ஆக்கள் சூனியக்காரிக்குப் பயந்து, தங்கள் தலைமயிரையும் ஊசியையும் போத்தலில் அடைத்துச் சுவருக்குள் வைப்பார்களாம். சூனியக்காரியென்று ஆரைப் பிடித்தீர்கள் என்று இவர் அரைகுறை இங்கிலீசில் கேட்டார். ஒருத்தரும் இல்லாமல் தனியாக இருந்த பொம்பிளையளை என்றாள். விசர்ச் சனம் என்று அன்றைக்குச் சிரித்தவர்.

படியில் சூட்கேஸ் இடிபட்டு இடிபட்டு இறங்கியது. வாசல் கதவு இன்னும் திறபடவில்லை.

“என்ன மாமா?” என்று கேட்டபடி வசந்தமலர் குசினிப் பக்கம் வந்தாள்.

செல்வரத்தினம் கையைப் பொத்திக்கொண்டு பைப்பை முழுக்கத் திறந்துவிட்டார்.