மேற்குப் பக்கத்துக் கூடு

பாதிக் கூட்டைக் கட்டிவிட்டு ஆண் தூக்கணாங்குருவி படபடப்போடு காத்திருந்தது. பெண்குருவிக்குப் பிடித்தால்தான் மீதியைக் கட்டலாம். பிடிக்காவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

பெண்குருவி வந்து கூட்டை அலகால் இழுத்துப் பார்த்தது.

“மழைக்காத்துக்குத் தாங்குமா?”

“தாங்காம என்ன? போன வருஷமும் இந்தப் பனையில மேற்குப் பக்கம்தான் கட்டினேன். அந்தக் கூடு இன்னும் தொங்குது பாரு, ஒரு நார் பிரியலை.”

“அப்போ காத்தை மறைக்க எதிரே ஒரு தென்னை நின்னுச்சு. இப்போ எங்கே அது?”

ஆண்குருவி திரும்பிப் பார்த்தது. வெட்டிய அடிமரம்தான் இருந்தது. நார் கொண்டுவரும்போதெல்லாம் அதன்மேல் உட்கார்ந்துதான் அது இளைப்பாறியிருந்தது.

பனையின் கிழக்குப் பக்கம் போய், புதிதாக முதல் நாரைக் கட்டியது. போன வருஷம் பிரியாத அதே முடிச்சு. பெண்குருவி இந்நேரம் பறந்திருக்கும் என்று நினைத்தது. ஆனால் அவள் பக்கத்து ஓலையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

“இந்த வருஷம் காத்து எந்தப் பக்கம் அடிக்குமோ, யாருக்குத் தெரியும்?” என்றது ஆண்குருவி.

“வரட்டும், பார்த்துக்கலாம். நீ சீக்கிரம் கட்டு, நான் முட்டை வைக்கணும்.”