சணல் ஆலை யோசனை

இதை நான் சரியாக நினைவு வைத்திருக்கிறேனா என்பது எனக்கே நிச்சயமில்லை. பார்த்தசாரதி சம்பந்தப்பட்ட எதையும் எனக்குச் சாதகமாகக் கொஞ்சம் திருத்திக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு.

கல்கத்தா நியூ டவுனில் எங்கள் தொழில் வளர்ச்சித் துறையின் ஆண்டுத் திட்டக் கூட்டம். மேசையின் தலைப்பக்கம் புதிய செயலாளர் மிஸஸ் லாஹிரி. எனக்கு எதிரே என் மேலதிகாரி, இணை இயக்குநர் பார்த்தசாரதி.

துறையில் ஒரு வழக்கம். பிரிவுக்கு ஒரு புதிய யோசனை. அதைப் பிரிவின் தலைவர்தான் எழுந்து சொல்ல வேண்டும். யாருக்குத் தோன்றியது என்று எவரும் கேட்பதில்லை.

ஒவ்வொரு வருடமும் கூட்டத்துக்கு முந்தைய நாள் பார்த்தசாரதி என்னைத் தன் அறைக்குக் கூப்பிடுவார். கதவைச் சாத்திவிட்டுத் தமிழுக்கு மாறுவார்.

"என்னம்மா கலா, இந்த வருஷம் கைவசம் என்ன வச்சிருக்கே? நம்மூர்ப் பொண்ணுங்கிறதாலதான் உரிமையோட கேக்கறேன்."

ஹவுராவின் சிறு வார்ப்புப் பட்டறைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு பொதுச் சோதனைக்கூடம். அது என் யோசனை. அவர் ஆங்கிலத்தில் சொன்னார். பதவி உயர்வு அவருக்கு வந்தது. அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

பாராட்டு விழாவன்று சந்தேஷ் இனிப்புப் பெட்டியை முதலில் என்னிடம்தான் நீட்டினார். எடுத்துத் தின்றேன்.

இந்தக் கூட்டம் நடந்த மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. அதன் பிறகும் ஆலோசகராக அதே மாடியில் தொடர ஏற்பாடாகியிருந்தது. லாஹிரியின் கையெழுத்து மட்டும் பாக்கி.

அவர் நாற்காலி எனக்கு வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு நாற்காலியைவிட அந்தக் கையெழுத்து விழாமல் போவதுதான் வேண்டியிருந்தது.

லாஹிரி முன்பு ஒரு மாவட்டத்தில் இருந்தபோது, மூடிய சணல் ஆலை ஒன்றைப் புதிய தொழில்முனைவோருக்கான மையமாக்கினார். ஒருவரும் வரவில்லை. உள்ளே ஆடுகள் படுத்திருந்த படம் பெங்காலிப் பத்திரிகைகளில் வந்தது. அதற்குப் பிறகு அவர் முன்னால் சணல் ஆலை என்று வாயெடுத்தவர்கள் மாற்றல் உத்தரவோடு மூட்டை கட்டினார்கள்.

பார்த்தசாரதிக்கு இது தெரியாது. இத்தனை காலம் கல்கத்தாவில் இருந்தும் அவர் பெங்காலி பேசுவாரே தவிர வாசிக்கமாட்டார். நான் அதே ஊரில், பவானிபூரில் பிறந்தவள். பள்ளியிலேயே பெங்காலி படித்தவள்.

"சணல் ஆலை சார்," என்றேன், இந்த வருடம் அவர் அறைக்குக் கூப்பிட்டபோது. "மூடிக் கெடக்கிற ஒண்ண எடுத்து, புதுசா தொழில் தொடங்கற பசங்களுக்குக் குடுக்கலாம்."

"பிரமாதம்மா. இது எப்படி இதுவரைக்கும் யாருக்கும் தோணல?"

"உங்களுக்குத் தோணினதாவே இருக்கட்டும் சார்."

அவர் சிரிக்கவில்லை. அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் எழுந்து நின்று சொன்னார். நன்றாகவே சொன்னார். நான் லாஹிரியின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குறிப்பெடுப்பதை நிறுத்தாமல் குனிந்தே இருந்தார்.

சொல்லி முடித்தும் பார்த்தசாரதி உட்காரவில்லை. இது தன் கடைசிக் கூட்டம் என்றார். இந்த யோசனை கலாவுடையது என்றார். ஹவுராவும் அவளுடையதுதான், இத்தனை வருடமும் தான் வாசித்ததெல்லாம் அவளுடையவைதான் என்றார்.



எவ்வளவோ நாள் குளிக்கும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் அவர் வாயிலிருந்து வரவழைத்துப் பார்த்த வார்த்தைகள்.

லாஹிரி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். என் பக்கம் திரும்பினார்.

"ஆப்னார் ஐடியா?"

உங்களுடையதா என்று கேட்கிறார். இல்லை என்றால் தப்பிக்கலாம். ஆனால் ஹவுராவும் கையைவிட்டுப் போய்விடும்.

தலையாட்டினேன்.

லாஹிரியின் கண்ணாடி கழன்ற பிறகுதான் பார்த்தசாரதி என் பெயரைச் சொன்னார், ஆபத்து வருவதைப் பார்த்து என்னை முன்னால் தள்ளிவிட்டார் என்று நினைவு வைத்துக்கொள்ள நான் எவ்வளவோ முயன்றிருக்கிறேன். நிற்கமாட்டேன் என்கிறது. பெயர்தான் முதலில் வந்தது.

சணல் ஆலை இன்னும் மூடியே கிடக்கிறது. லாஹிரி வேறு துறைக்குப் போய்விட்டார். இணை இயக்குநர் நாற்காலியில் பக்கத்துப் பிரிவிலிருந்து வந்த நிர்மல் உட்கார்ந்திருக்கிறார். நான் மாநிலத்தின் மேற்குக் கோடியில், புருலியா மாவட்ட அலுவலகத்தில் இருக்கிறேன்.

பார்த்தசாரதி லேக் கார்டன்ஸில் தன் வீட்டோடு இருக்கிறார். என் மாற்றலை ரத்து செய்யச் சொல்லி லாஹிரியின் அறைக்குப் போய்ச் சத்தம் போட்டாராம். அதன் பிறகு அவரை ஆலோசகராக்கும் அந்தக் கையெழுத்தை லாஹிரி போடவேயில்லை.