ஆறாத குப்பி

கிளிசரினை எரிபொருளில் கலக்கத் தக்கதாக மாற்றும் வினையூக்கித் தூளை, சிதம்பரத்து ஆய்வகத்தில் இளவரசு ஓவனிலிருந்து குப்பியோடு எடுத்து மேசைமேல் வைத்தான்.

“சூட்டோட எடை போட்டா தப்பா காட்டும் லேகா. ஆறட்டும், கை வெச்சிடாத. கடலூர் போயி கிளிசரின் வாங்கினு வந்துடறேன்.”

“பொண்டாட்டியவிட குப்பி மேல அக்கறை ஜாஸ்தி!” என்றாள் சந்திரலேகா.

திரும்பும் வழியில் லாரி மோதி இறந்தான். கிளிசரின் கேன் மட்டும் உடையாமல் ஆய்வகம் வந்து சேர்ந்தது.

காரியம் முடிந்து அவள் வந்தபோதும் குப்பி சுட்டது. அவர்கள் இருவரோடும் வேலைபார்த்த வைத்திலிங்கம், பக்கத்து ஓவனின் சூடோ என்று அதன் ஒயரையே பிடுங்கிவிட்டார்; அப்படியும் ஆறவில்லை.

“கடைசி சோதனைய முடிச்சிடும்மா. அவன் உழைப்பு வீணா போவக் கூடாது.”

“ஆறட்டும் சார்.”

தினமும் காலையில் தொட்டுப் பார்த்துவிட்டு, அலுப்போடு கேனருகே உட்கார்ந்துகொள்வாள். மின்வெட்டு வந்தது, மழை வந்தது, மார்கழிப் பனி ஜன்னலில் படிந்தது. குப்பி ஆறவில்லை.