துரையின் ரசமட்டம்

விக்டோரியா ராணி காலத்தில் பட்டாளத்து இன்ஜினியர் துரை ஒருத்தர் இருந்தார். கண்ணாடிக்குள் குமிழி மிதக்கிற ரசமட்டம் ஒன்று அவரிடம் இருந்தது. இளவயதில் அவர் ஆற்றுக்குப் பாலம் கட்டினபோது, ஒவ்வொரு கல்லுக்கும் அதுதான் மட்டம் பார்த்தது. பாலம் முடிந்ததும் துரை சட்டையில் ஒரு பதக்கம் குத்தினார்கள்.

அப்புறம் சண்டை வந்தது. எதிரி தாண்டிவிடக் கூடாதென்று துரையே மருந்து வைத்து அந்தப் பாலத்தைத் தகர்த்தார். அதற்கும் ஒரு பதக்கம் குத்தினார்கள்.

ரசமட்டத்துக்குத் தலை சுற்றிப்போனது. மூத்த பதக்கத்திடம், “ஏண்ணே, கட்டினது சரியா, உடைச்சது சரியா?” என்று கேட்டது.

“ரெண்டும்தான்டா. எங்க ரெண்டு பேர் மேலயும் ஒரே ராணி முகம்தானே இருக்கு?”

துரைக்குத் தலை நரைத்தபின், அதே ஆற்றில் மறுபடி பாலம் கட்ட உத்தரவு வந்தது.

“இதையாவது நிக்க விடுவாராண்ணே?”

“நின்னா எங்களுக்கு ஒரு தம்பி வருவான். உடைச்சா இன்னொருத்தன் வருவான். உனக்கேன்டா கவலை?”

துரை முதல் கல்லின்மேல் ரசமட்டத்தை வைத்துக் குனிந்து பார்த்தார். கல்லை மாற்றி மாற்றி வைக்கச் சொன்னார். கல்லெல்லாம் மட்டமாகத்தான் இருந்தது. உள்ளே குமிழிதான் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக ஓடிக்கொண்டே இருந்தது.